எவருடைய இறப்புக்காகவும் மறையாத சூரியன்

பட்டப்பகலில் சூரியன் முழுவதுமாக மறைவதைக் காட்டிலும் மனிதனைத் திகைக்க வைக்கும் காட்சி வானத்தில் வேறொன்று இல்லை எனலாம். மேகம் மூடினால் வெளிச்சம் மங்கும், அவ்வளவே. முழுச் சூரிய கிரகணத்தின்போதோ நண்பகல் அந்தியாகிறது. காற்றில் குளிர் படர்கிறது. விண்மீன்கள் வெளிப்படுகின்றன. பறவைகள் கூடு தேடிப் பறக்கின்றன. சூரியன் இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டமும், அதைச் சுற்றி வெண்ணிற ஒளிப்படலமும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. சந்திரனைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு விட்டமுள்ள சூரியன், சந்திரனைவிட ஏறத்தாழ 400 மடங்கு தொலைவில் இருப்பதால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. அதனால்தான் சிறிய சந்திரன் பெரிய சூரியனை மறைக்க முடிகிறது. சந்திரன் சற்று விலகியிருக்கும் காலத்தில் இந்த மறைப்பு நிகழ்ந்தால் ஓரத்தில் ஒளிவளையம் எஞ்சும். அதனை வளைய கிரகணம் என்கிறோம். முழு மறைப்பு எந்த ஓர் இடத்திலும் சுமார் ஏழரை நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

இந்தச் சில நிமிடங்களுக்குப் பண்டைய சமுதாயங்கள் கற்பித்த பொருள்கள் பலவகைப்பட்டவை. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரே எண்ணம் ஓடிக்கொண்டிருந்ததை நாம் காண்கிறோம். வானம் ஒரு குறிப்பிட்ட மனிதனைப் பற்றிப் பேசுகிறது என்பதே அந்த எண்ணம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட எஸர்ஹாதோன் மன்னனின் அவையில், கிரகணம் மன்னனின் மரணத்தை முன்னறிவிப்பதாக நிமித்திகர் சொன்னால், வேறொருவனை அரியணையில் அமர்த்திவிடுவர். உண்மையான மன்னனோ அந்நாட்களில் ‘உழவன்’ என்ற பெயரில் மறைந்து வாழ்வான். குறித்த காலம் கழிந்ததும் அந்த மாற்று மன்னன் கொல்லப்படுவான். வானத்தின் தீர்ப்பு நிறைவேறிவிட்டதாகக் கருதி அசல் மன்னன் அரியணைக்குத் திரும்புவான். ஒரு நிழல் கடந்து போனதற்காக ஓர் அப்பாவி உயிர் பறிக்கப்பட்டது. போர்க்களத்தில் பகல் இரவானதைக் கண்டு லிடியரும் மீடியரும் வாளைக் கீழே வைத்துச் சமாதானம் செய்துகொண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அச்சம் சில வேளை நன்மையும் செய்தது போலும்!

இஸ்லாத்திற்கு முந்தைய அரபுகளும் இதற்கு விலக்கல்லர். எரிநட்சத்திரம் விழுந்தாலும், சூரிய சந்திரர் ஒளி இழந்தாலும், மாமனிதர் ஒருவர் இறந்துவிட்டார் என்று கொள்வது அவர்களின் வழக்கம். அவ்வழக்கம் மதீனாவிலும் வேர் அறுபடாமல் இருந்தது என்பதை ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுது வெளிப்படுத்திற்று.

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கும் மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்களுக்கும் ஹிஜ்ரி 8-இல் பிறந்த மகனார் இப்ராஹீம். காஸிம், அப்துல்லாஹ் ஆகிய ஆண்மக்கள் மக்காவிலேயே குழந்தைப் பருவத்தில் மறைந்துவிட்டனர். ஸைனப், ருகைய்யா, உம்மு குல்ஸூம் (ரலி) ஆகிய மகள்மாரும் காலமாகிவிட்ட நிலையில், ஃபாத்திமா (ரலி) அவர்களைத் தவிர எஞ்சியிருந்த ஒரே பிள்ளை இப்ராஹீம்தாம். கொல்லரான அபூஸைஃப் என்பாரின் மனைவி அக்குழந்தைக்குப் பாலூட்டி வந்தார். பால்குடி மாறாத பருவத்திலேயே அக்குழந்தையின் உயிர் பிரிந்தது. பிரியும் தறுவாயில் மகனைக் கண்ட தந்தையின் கண்களில் நீர் பெருகிற்று. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வினவியபோது, இது இரக்கத்தின் வெளிப்பாடு என்று அண்ணலார் விடையளித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

அதே நாளில் சூரியன் ஒளி இழந்தது. ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்கள் அப்போது இளைஞர். அன்ஸாரி இளைஞர் ஒருவருடன் இலக்கு வைத்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். அடிவானத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று ஈட்டி உயரத்தில் சூரியன் இருந்தபோது அது கறுத்துப்போனதாக அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். மதீனாவாசிகளின் வாயிலிருந்து உடனே வந்த சொல், இப்ராஹீமின் இறப்பினால் சூரியன் மறைந்தது என்பதுதான்.

அந்தச் சொல்லில் பகைமை இல்லை. பாசமும் அனுதாபமுமே இருந்தன. ஒரு தலைவரின் பெருமையை உயர்த்த இதைவிடச் சிறந்த வாய்ப்பு வாய்க்குமா? மறுத்துப் பேசாமல் மௌனமாக இருந்திருந்தாலே போதும். மக்கள் மனத்தில் அது அழியாத அற்புதமாக நிலைபெற்றிருக்கும். ஆனால் மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிவாசலுக்கு வந்த அண்ணலார், நீண்டதொரு தொழுகையை நடத்தி முடித்தபின் மக்களை நோக்கி உரையாற்றினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவோ வாழ்வுக்காகவோ அவை கிரகணம் அடைவதில்லை என்றும், கிரகணத்தைக் கண்டால் தொழுது பிரார்த்திக்க வேண்டும் என்றும் அவ்வுரையில் தெளிவுபடுத்தினார்கள். தம் மகனை அடக்கம் செய்யும் துயரத்திலிருந்த ஒரு தந்தை, அந்த மகனுக்கு மக்கள் சூட்டிய வான்மகுடத்தைத் தம் நாவாலேயே கழற்றி வைத்தார் என்பதை எண்ணும்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது.

அத்தொழுகையைப் பற்றி ஹதீஸ் நூல்கள் தரும் சிறுசிறு விவரங்கள் அக்காட்சியைக் கண்முன் நிறுத்துகின்றன. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்கள் வந்து பார்க்கிறார்கள். மக்கள் தொழுகையில் நிற்கின்றனர். என்ன நேர்ந்தது என்று கேட்கிறார்கள். தொழுகையில் இருந்த சகோதரி ஆயிஷா (ரலி) அவர்கள் வானத்தை நோக்கிச் சைகை காட்டுகிறார்கள். தாமும் தொழுகையில் இணைந்த அஸ்மா (ரலி) அவர்களுக்கு நிலை நீண்டதால் மயக்கம் வர, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். நின்றநிலை ஏறத்தாழ அல்பகரா அத்தியாயத்தை ஓதும் அளவுக்கு நீண்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) மதிப்பிடுகிறார்கள். அன்று அடிமைகளை விடுதலை செய்யுமாறு ஏவப்பட்டதாகவும் அஸ்மா (ரலி) அறிவிக்கிறார்கள். அசீரியாவில் உயிரைப் பறித்த கிரகணம், மதீனாவில் உயிர்களுக்கு விடுதலை அளிக்கும் தருணமாயிற்று.

பாங்கும் இகாமத்தும் இன்றி, ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’ என்று அழைத்து நடத்தப்படும் இத்தொழுகையின் முறையில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஉகள் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தொழுகைக்குப் பின் குத்பாவும் உண்டு. மற்றத் தொழுகைகளைப் போல் ஒரே ருகூஉ என்பதும், குத்பா இல்லை என்பதும் ஹனஃபி மத்ஹபின் நிலை. இவ்விரு மத்ஹபினரும் வாழும் நம் தமிழகத்தில் இந்த வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் விவாதிப்பவர்கள், தொழுகைக்குக் காரணமான உரையின் கருத்தை அவ்வளவு விரிவாகப் பேசுவதில்லை என்பதை உரிமையோடு இங்கே குறிப்பிடுகிறோம்.

இக்கிரகணம் எந்த நாளில் நிகழ்ந்தது? வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27. அன்று நிகழ்ந்தது வளைய கிரகணம். மதீனாவில் அது பகுதி கிரகணமாகவே தென்பட்டது, எனினும் சூரிய வட்டத்தின் பெரும்பகுதி மறைந்தது. காலை நேரம் என்பதால் ஸமுரா (ரலி) அவர்கள் கண்ட ஈட்டி உயரமும் பொருந்துகிறது. ஹிஜ்ரிக் கணக்கில் அது ஷவ்வால் மாதத்தின் இறுதி. ஆனால் வரலாற்றாசிரியர் வாகிதீயின் வழியாக வந்த ஓர் அறிவிப்பு, இப்ராஹீம் ரபீஉல் அவ்வல் பத்தாம் நாள் மறைந்ததாகச் சொல்கிறது. 14-ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு தைமிய்யா இதனை ஏற்கவில்லை. சூரிய கிரகணம் சந்திர மாதத்தின் இறுதியில், பிறை மறைந்திருக்கும் நாட்களில்தான் நிகழும். பத்தாம் நாளில் நிகழ்வதற்கு வழியே இல்லை என்று அவர் எழுதினார். ஓர் அறிவிப்பின் தேதியை வானத்தின் ஒழுங்கைக் கொண்டு சோதித்துப் பார்த்த இந்தத் துணிவு நாம் பெருமைப்படத்தக்கது. 1858-இல் எகிப்திய வானியலாளர் மஹ்மூத் பாஷா அல்ஃபலகீ, இதே கிரகணத்தை அசையாத முளைக்கம்பாக நிறுத்தி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, இஸ்லாத்திற்கு முந்தைய அரபு நாட்காட்டியை ஆராய்ந்தார். அண்ணலாரின் பிறந்தநாள் ரபீஉல் அவ்வல் 9, அதாவது கி.பி. 571 ஏப்ரல் 20 என்று அவர் கண்ட முடிவு இக்கணக்கின் வழியே பிறந்ததாகும்.

எவருடைய இறப்புக்காகவும் அல்ல என்றான பின், எதனால் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பிற்கால முஸ்லிம் அறிஞர்கள் அக்கேள்வியைக் கையிலெடுத்தனர். கிரேக்கரும் இந்தியரும் முன்னரே கண்டறிந்திருந்த கணக்குகளை அவர்கள் மொழிபெயர்த்துக் கற்றனர். அதனை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவேதும் இல்லை. கி.பி. 499-இல் ஆரியபட்டர், கிரகணம் நிழல்களால் நிகழ்வது என்று தெளிவாக எழுதியிருந்தார். பிரம்மகுப்தரும் நிழலின் அளவைக் கொண்டே கணித்தார். ஆயினும் ராகு என்னும் தலை விழுங்குகிறது என்ற பொதுமக்கள் நம்பிக்கைக்கு அவர் தம் நூலின் தொடக்கத்தில் இடம்கொடுத்தார். கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதிய அல்பிரூனி, இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, உண்மை அறிந்த ஒருவர் ஏன் இவ்வாறு பணிந்து போனார் என்று வருத்தத்தோடு வினவினார். மக்களின் எதிர்ப்புக்கு அஞ்சியிருக்கலாம் என்றும் அவரே ஊகித்தார். அறிந்தும் சொல்லாமல் இருப்பது எல்லாச் சமுதாயங்களுக்கும் பொதுவான நோய்.

நம் சமுதாயத்திலும் அதற்கு நேர்மாறான நோய் இருந்தது. கிரகணத்தைக் கணக்கிட்டுச் சொல்வதே மார்க்கத்திற்கு முரண் என்று வாதிட்டவர்கள் தோன்றினர். அவர்களுக்கு விடை தந்தவர் வேறு யாருமல்லர்; தத்துவவாதிகளைக் கடுமையாக மறுத்து ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்தாம். அந்நூலின் முன்னுரையிலேயே, கிரகணக் கணக்குகள் ஐயத்திற்கு இடமில்லாத வடிவியல், எண்ணியல் சான்றுகளின்மீது நிற்பவை என்றும், மார்க்கத்தின் பெயரால் அவற்றை மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறார் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். இறப்புக்காகவோ வாழ்வுக்காகவோ அல்ல என்ற நபிமொழி இக்கணக்குகளோடு எவ்விதத்திலும் மோதவில்லை என்பது அவர்களின் விளக்கம்.

கஸ்ஸாலி (ரஹ்) பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். கி.பி. 977 டிசம்பர் 13. நகரின் கராஃபா பகுதியில், அபூ ஜஅஃபர் அஹ்மத் பின் நஸ்ர் அல்மஃக்ரிபீ பெயரிலான பள்ளிவாசலில் அறிஞர் குழு ஒன்று கூடியிருந்தது. அன்று சூரிய கிரகணம் நிகழும் என்பது கணக்கால் முன்கூட்டியே அறியப்பட்டிருந்தது. அனைவரும் காத்திருந்தனர். குழுவில் ஒருவரான இப்னு யூனுஸ் அன்று கண்டதை எழுதி வைத்தார். சூரியனின் உயரம் 15 பாகைக்கு மேலும் 16 பாகைக்குக் குறைவாகவும் இருந்தபோது மறைப்பு தொடங்கியது. சூரிய விட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் சுமார் எட்டுப் பங்கு மறைந்தது என்பதில் வந்திருந்தோர் ஒருமித்தனர். சூரியன் 33 பாகையைச் சற்றுக் கடந்தபோது முழுவதும் விடுபட்டது. அச்சமில்லை, கூச்சலில்லை. பள்ளிவாசலில் கருவியும் கண்ணும் ஒருமித்த சாட்சியமுமே இருந்தன.

இவ்வாறு எழுதி வைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ரக்காவில் அல்பத்தானீ (மறைவு 929) கிரகணங்களை அளந்ததோடு, சூரியனின் தோற்ற அளவு ஆண்டுக்குள் மாறுவதைக் கண்டு வளைய கிரகணம் நிகழக்கூடும் என்றும் காட்டினார். பக்தாதில் பனூ அமாஜூர் குடும்பத்தார் 928 ஆகஸ்ட் 18 அன்று கிரகணத்தோடேயே உதித்த சூரியனை நீரில் விழும் பிம்பத்தில் நோக்கினர். பழைய அட்டவணை சொன்னதற்கும் தாம் கண்டதற்கும் இடையிலிருந்த வேறுபாடுகளை மறைக்காமல் குறித்தனர். நீரில் பார்க்கும் இம்முறையை அல்பிரூனியும் பரிந்துரைத்தார். இளமையில் சூரியனை நேராக நோக்கியதால் தம் பார்வை பலவீனமடைந்ததை அவர் பிறர் நலம் கருதி எழுதி வைத்தார். பக்தாதின் பதிவுகளையும் தம் கெய்ரோ பதிவுகளையும் இப்னு யூனுஸ் ‘ஸீஜுல் ஹாகிமீ’ என்னும் நூலில் தொகுத்து, 1009-இல் மறைந்தார்.

எல்லோரும் கணிப்பாளர் அல்லர். சாதாரண மக்கள் அஞ்சத்தான் செய்தனர். 1061 ஜூன் 20 அன்று பக்தாதில் சூரியன் முழுவதும் மறைந்தபோது பறந்துகொண்டிருந்த பறவைகள் கீழே விழுந்ததாக இப்னுல் ஜவ்ஸீ பதிவு செய்கிறார். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் இளம் மாணவராக ஜஸீரத் இப்னு உமர் நகரில் இருந்தபோது, ஹிஜ்ரி 571 ரமலானின் இறுதியில், அதாவது 1176 ஏப்ரலில், முழுக் கிரகணம் நேர்ந்தது. பகல் இரவாகி விண்மீன்கள் தோன்றின. அஞ்சி நடுங்கிய மாணவர், அருகிலிருந்த கணித ஆசிரியரைப் பற்றிக்கொண்டார். வானியல் அறிந்த அந்த ஆசிரியர், சற்று நேரத்தில் எல்லாம் விலகிவிடும், பார் என்றார், அவ்வாறே விலகியது. பல்லாண்டுகளுக்குப் பின் தம் பெரிய வரலாற்று நூலில் இதற்கு இடமளித்த இப்னுல் அஸீர், தம் அச்சத்தையும் மறைக்கவில்லை. ஆசிரியர் தந்த தைரியத்தையும் மறக்கவில்லை.

அந்தப் பள்ளிவாசல் பதிவுகள் பின்னர் என்னவாயின? 1749-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் டன்தார்ன், அல்பத்தானீ, இப்னு யூனுஸ் ஆகியோரின் கிரகணக் குறிப்புகளைப் பயன்படுத்தி, சந்திரனின் இயக்கத்தில் நூற்றாண்டுதோறும் ஒரு சிறு விரைவு சேர்வதை அளந்தார். நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த இப்னு யூனுஸின் கையெழுத்துப்படியை 1804-இல் பிரெஞ்சு அறிஞர் கோசன் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். இக்குறிப்புகள் சுட்டிய உண்மையின் ஒரு பாதி சந்திரனைப் பற்றியதன்று. நம் பூமியைப் பற்றியது. கடல் ஏற்ற இறக்கத்தின் உராய்வால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. பாபிலோனிய, சீன, அரபு, ஐரோப்பியப் பதிவுகளை ஆராய்ந்து ஸ்டீஃபன்சன் குழுவினர் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லி விநாடி கூடுகிறது. மிக அற்பமான அளவுதான். ஆனால் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போவதால், இன்றைய சுழற்சி வேகத்தை மாறாததாகக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 977-ஆம் ஆண்டின் கெய்ரோ கிரகணம் ஏறத்தாழ அரை மணி நேரம் பிசகிவிடும். பாகை தவறாமல் எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அந்தப் பிசகு நமக்குத் தெரிகிறது. அவர்களோ தாம் பூமியின் கடிகாரத்தைச் சோதிக்கிறோம் என்பதை அறியார்.

நம் தென்னிந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுக் கிரகணத்தின் நிழல் தக்காணத்தைக் கடந்தபோது, குண்டூரில் இருந்து நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரிய விளிம்பின் ஒளியைப் பகுத்தாய்ந்தார். அவ்வாண்டின் ஆய்வுகளிலிருந்தே பூமியில் அதுவரை அறியப்படாத ஹீலியம் என்னும் தனிமம் அடையாளம் காணப்பட்டது. அதே நாளில் நிஜாம் ஆட்சிப்பகுதியின் வனபர்த்தியில் சென்னை வானாய்வகக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணக்குகளை நேரடி நோக்கலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று தம் சமூகத்தாரிடமே வாதாடிய அவரை, அல்பிரூனி கண்டிருந்தால் ஆரத் தழுவியிருப்பார். 1871 டிசம்பர் 12-இல் நிழல் நீலகிரி, அவினாசி வழியாகத் தமிழகத்தைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தது. ஜான்சன் அப்போது நீலகிரியின் சோலூரில் இருந்தார்.

2019 டிசம்பர் 26 காலையில் உதகை, கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் வளைய கிரகணம் தெரிந்தபோது தமிழகத்தின் பல பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடைபெற்றது. மனம் நிறைந்தது. ஆனால் அதே காலையில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் கர்ப்பிணிப் பெண்களைக் கதவடைத்து உள்ளே வைத்ததையும், கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உறுப்புக் குறை நேரும் என்று காய் நறுக்க விடாததையும், அடுப்பு மூட்டாததையும் நாம் அறிவோம். கண்ணைக் காப்பதற்காகச் சூரியனை நேரே நோக்காதிருப்பது வேறு; அது மருத்துவம். வயிற்றிலிருக்கும் சிசுவின் வாழ்வுக்கும் வானத்து நிழலுக்கும் முடிச்சுப் போடுவது வேறு. இறப்புக்காகவோ என்பதோடு நிறுத்தாமல், வாழ்வுக்காகவோ என்ற சொல்லும் அன்றைய மதீனா உரையில் இடம்பெற்றதை அந்த இல்லத்துப் பெரியவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி வரும் கிரகணங்களின் பட்டியலில் ஒன்று நம் கண்ணைக் கவர்கிறது. 2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழும் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை ஸ்பெயினின் தென்பகுதி, வட ஆப்பிரிக்கா, எகிப்தின் லக்ஸர் ஆகியவற்றைக் கடந்து ஜித்தாவையும் மக்காவையும் தழுவிச் செல்லும் என்று கணிக்கப்பட்டுள்ளது. லக்ஸர் அருகே முழு மறைப்பு ஆறு நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும். புனித மக்காவில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் பகல் இருளும். மதீனா அப்பாதைக்கு வடக்கே, வெளியே நிற்கிறது. அங்கே 632-இல் தெரிந்தது போலவே பகுதி கிரகணமே தெரியும்.